தோல் நோட்டு

ஏப்ரல் 2, புதன்

இன்று நர்சம்மா ரெஜினா வீட்டுக்கு வந்தார். பாப்பாவை எடை போட்டார். பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். தங்கச்சி அஞ்சலாட்சி பக்கத்திலேயே படுத்திருந்தாள், அவள் கையில் கொடுக்கவில்லை. ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒரு தடவை படித்தவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு எழுத வரும்.

"தெனம் மூணு விஷயம் எழுதுங்க. தோல்ல என்னா தடவுனீங்க, யாரு தொட்டாங்க, தோலு எப்பிடி இருக்குது. கொறை மாசத்துல பொறந்த புள்ள, அது தோலு வெங்காயச் சருகு மாதிரி. வேற ஒன்னும் எழுத வேணாம்" என்றார்.

வேறு ஒன்றும் எழுதாமல் இருக்க நான் என்ன ரேஷன் கடைக்காரனா?

என் பெயர் ஆதிமூலம். வயது நாற்பத்தொன்று. பண்ருட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் என் பெயரைச் சொன்னால் அழுகிற பிள்ளை வாயை மூடும். மாசி மகத்தில் கடலூர்க்காரன் ஒருவனுடைய தாடையை ஒரே குத்தில் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தேன். எழுநூறு பேர் பார்த்தார்கள். குறைத்துச் சொன்னாலும் ஐநூறு.

அப்பா அம்மா போன பிறகு அஞ்சலாட்சியை வளர்த்தது நான்தான். எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். இரண்டு வருடம் முன்பு உளுந்தூர்ப்பேட்டையில் தையல்கடை வைத்திருக்கும் தனவேலுக்குக் கட்டிக்கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தவளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண். பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. எங்கள் ஊர்ப் பலாப்பழத்தில் காம்பே அவ்வளவு கனம் இருக்கும்.

அஞ்சலாட்சிக்குப் போட்ட தையல் சீழ் வைத்துவிட்டது. குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. ஆகவே பாப்பாவைக் குளிப்பாட்டுவது நான். காலை நீட்டி, பாப்பாவைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுவது. ஆம்பளை குளிப்பாட்டுவதா என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். ஒரு முறை முறைத்தேன். எதிர்வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது.

தடவியது: சமையல்கட்டுத் தேங்காய் எண்ணெய். தொட்டவர்: நான், அஞ்சலாட்சி. தோல்: நன்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாப்பிள்ளை தனவேல் வந்தான். மெல்லிய ஆள். காற்றடித்தால் அவன் சட்டைதான் அவனைப் பிடித்து நிறுத்தும்.

குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டான். கழுவினான். மறுபடி போட்டான். மூன்று தடவை.

"என்னா மாப்ள, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

"பஸ்ஸுல கம்பியப் புடிச்ச கை மச்சான்."

பழைய வேட்டியைக் கிழித்து ஆறு சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்தான். பொத்தான் கிடையாது, நாடா. விரித்துப் பார்த்தேன். தையல் எல்லாம் வெளிப்பக்கம் நின்றது.

"தலைகீழா தச்சிருக்கீங்களே? தொழிலு மறந்துபோச்சா?"

"தையலு உள்ள இருந்தா பாப்பாவுக்கு உறுத்தும் மச்சான். அதான் வெளிய வுட்டன்."

உறுத்தினால்தான் பிள்ளை உரமாக வளரும் என்று சொன்னேன். அஞ்சலாட்சி படுத்தபடியே சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

தடவியது: அதே எண்ணெய். தொட்டவர்: மூவரும். தோல்: நன்று.

ஏப்ரல் 10, வியாழன்

தெருநாய் ஒன்று வாசலில் வந்து படுத்தது. அதன் மூச்சுக்காற்று பாப்பாவின் தோலுக்கு ஆகாது. முக்கால் செங்கல்லை எடுத்து வீசினேன். மூன்று காலில் ஓடிற்று. தோல்: நன்று.

ஏப்ரல் 15, செவ்வாய்

முந்திரிக் கொட்டகை இன்று திறந்தாயிற்று. இனி ஆடி வரைக்கும் வேலை.

நர்சம்மா வெளியூர்க்காரர், அவருக்காக எழுதுகிறேன். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள்ளே ஓர் எண்ணெய் இருக்கிறது. கறுப்பு. தோலில் பட்டால் வெந்துபோகும். பச்சைக் குழந்தையாக இருந்தாலும் பயில்வானாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. வறுக்கும்போது தட்டில் தீப்பிடித்து ஆள் உயரம் எழும். அந்தத் தீக்குள் கையை விட்டுக் கொட்டையைப் புரட்டுகிறவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். (கரண்டியால்தான். ஆனாலும் கைதானே கரண்டியைப் பிடிக்கிறது.)

வறுத்ததைக் கட்டையால் அடித்து உடைக்க வேண்டும். உடைக்கும்முன் கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வோம். பூசினால் கொட்டை எண்ணெய் தோலில் ஏறாது. என்னிடம் ஓர் அகலவாய்ப் புட்டி இருக்கிறது, செக்கில் ஆட்டிய அசல் எண்ணெய். பத்துக் கொட்டைக்கு ஒரு தடவை நான்கு விரலையும் உள்ளே விட்டுத் தோய்த்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கை உடைக்கிறது, ஒரு கொப்புளம் இல்லை. மாட்டுத்தோல் மாதிரி ஆகிவிட்டது. பீடி நெருப்பை உள்ளங்கையிலேயே அணைப்பேன்.

பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற வேம்பு வாய் நீளமானவள்.

"யோவ் ஆதிமூலம், ஒன் கைய நாய்கூட மோந்து பாக்காது. இந்தக் கையாலயா புள்ளயக் குளிப்பாட்டுற?"

"ஏன், ஒன்னையும் குளிப்பாட்டணுமா?"

"வாயில கொட்ட எண்ணெய ஊத்திடுவன் பாத்துக்க" என்று கட்டையை ஓங்கினாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவளுக்கு என்மேல் ஒரு கண்.

ஏப்ரல் 19, சனி

சமையல்கட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவர்களுக்கு வராத யோசனை. முந்திரித் தீயிலிருந்து என் தோலை இருபத்திரண்டு வருடம் காத்த எண்ணெய், பாப்பாவின் தோலைக் காக்காதா? கொட்டகைப் புட்டியையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, முதுகு, பிட்டம் எல்லாம் அழுத்தித் தடவினேன். என்ன மினுமினுப்பு!

தடவியது: கொட்டகை எண்ணெய், செக்கில் ஆட்டியது. தொட்டவர்: நான். தோல்: மிக நன்று.

ஏப்ரல் 20, ஞாயிறு

தனவேல் வந்தான். வழக்கம்போலக் கை கழுவல். மத்தியானம் அஞ்சலாட்சியும் நானும் கண் அசந்துவிட்டோம். அவன்தான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நான் விழித்தபோது பாப்பா அலறிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் அவன் கை வைத்தால் வில்லாக வளைந்தது.

"மச்சான், முதுகு செவந்திருக்குது. தொட்டா சுடுது."

"வெயிலு மாப்ள. பண்ருட்டி வெயிலு ஒங்க ஊருல காணாது."

நான் வாங்கியதும் என் மார்பில் சாய்ந்து விக்கிற்று. யார் கை என்று குழந்தைக்குத் தெரியும்.

ஏப்ரல் 21, திங்கள்

பேனா முள் தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான், வேறு எதிலும் இல்லை.

காலையில் துணியை விலக்கினால் பாப்பாவின் முதுகில் கொப்புளம். தண்ணீர் கோத்து, பளபளவென்று. இடது பிட்டத்தில் நான்கு கோடு. வரிசையாக. விரல் தடம்.

நர்சம்மா ஓடி வந்தார். குனிந்து பார்த்தவர் நிமிர நேரமாயிற்று.

"இது வேர்க்குரு இல்ல. சுட்ட புண்ணு மாதிரி இருக்குது. என்னா தடவுனீங்க?"

"தேங்கா எண்ணெதான் நர்சம்மா. அசல் செக்கு."

"நேத்து யாரு தூக்குனது?"

"அவங்கப்பன்."

களிம்பு கொடுத்தார். குளிப்பாட்ட வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றினால் போதும் என்றார். அவர் போன பிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். தையல்காரன் கையில் என்ன இருக்கும்? இஸ்திரிப் பெட்டி. தினம் கரித்தீயில் பழுத்த பெட்டியைப் பிடிக்கிற கை. பெண் பிறந்ததில் அவனுக்கு மனக்குறை. ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதுவே சந்தேகம்தானே. நான் தூங்கும் நேரம் பார்த்துச் சுட்டிருக்கிறான்.

அஞ்சலாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு எறும்பக்கூட ஊதி வுடுற ஆளுண்ண."

"அப்ப இந்த நாலு வெரலு யாரு வெரலு? நீயே எண்ணு."

எண்ணினாள். தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், அவள் விரல் சிறியது. பாப்பாவை மூடினாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

முடித்துவிட்டேன்.

கொட்டை உடைக்கும் கட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். உளுந்தூர்ப்பேட்டை. கடையில் அவனோடு ஐந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் தடியர்கள். தனவேல் ஆயுதத்தோடு என்மேல் பாய்ந்தான். ஊசி. ஊசியும் ஆயுதம்தானே.

முதல் அடி வெட்டுமேசையின் காலில். மேசை சாய்ந்து துணியெல்லாம் கொட்டிற்று. இரண்டாவது அடி கண்ணாடியில். அப்புறம் அவன் வலதுகையைப் பிடித்து மிஷின் பலகைமேல் வைத்தேன். கொட்டையை எப்படி வைத்து அடிப்பேனோ அப்படி. கொட்டை உடைக்கிறவனுக்கு எவ்வளவு ஓங்க வேண்டும் என்று தெரியும், பருப்பு நொறுங்காமல் ஓடு மட்டும் பிளக்க வேண்டும். இன்றைக்கு அந்தக் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று அடி. மூன்று விரல். ஓசை ஒன்றுதான், கொட்டை ஓசை.

ஐந்து பேரும் ஓடிவிட்டார்கள்.

அவன் அலறவில்லை. வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டான். "மச்சான், பாப்பாவுக்கு என்னா ஆச்சி?"

என்ன நடிப்பு.

மிஷினில் பாதி தைத்த சின்னச் சட்டை ஒன்று மாட்டியிருந்தது. அதில் ரத்தம் தெறித்துவிட்டது. தையல் வெளிப்பக்கம்.

ஏப்ரல் 24, வியாழன்

விருத்தாசலம் பக்கம் நண்பன் ராயருடைய முந்திரித்தோப்பில் இருக்கிறேன். ஒளிந்திருக்கவில்லை. தோப்புக்குக் காவல் தேவைப்பட்டது, ராயர் என் காலில் விழுந்து கேட்டுக்கொண்டான். நோட்டு கையோடு வந்துவிட்டது.

தடவியது: தெரியாது. தொட்டவர்: நான் இல்லை. தோல்: தெரியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தனவேலின் அண்ணன் இரண்டு ஆளோடு தோப்புக்கு வந்துவிட்டான். மூன்று பேரையும் ஒற்றை ஆளாக நின்று புரட்டியெடுத்தேன். முந்திரிக் கிளையை ஒடித்து அவர்கள் முதுகில் கோலம் போட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

என் கீழ்ப்பல் ஒன்று வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது, இன்று அதுவாக விழுந்துவிட்டது. இடது கண் திறக்கவில்லை, பூச்சி கடித்திருக்கும். விலா வலிப்பதால் இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஏப்ரல் 30, புதன்

ராயரின் போனில் அஞ்சலாட்சியிடம் பேசினேன்.

"தோலு எப்பிடி இருக்குது?"

"காஞ்சி உரியுது. அடியில புதுத்தோலு வருது."

"பாத்தியா! அவன் கை ஒடஞ்சதும் தோலு ஆறிப்போச்சி."

 பாப்பா கொட்டாவி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ண, அவரு ஆசுபத்திரியில என்னா சொன்னாரு தெரியுமா? கை மேல கடை ஷட்டரு விழுந்துடுச்சின்னு சொல்லியிருக்காரு. போலீசுல ஒன்னும் குடுக்கல. நீ வீட்டுக்கு வா."

பயந்துவிட்டான். என் பெயருக்கு அவ்வளவு மரியாதை.

மே 4, ஞாயிறு

வந்துவிட்டேன். பாப்பாவின் முதுகு பளிங்கு. கோடு நான்கும் வெளிறிய நிழலாகத்தான் தெரிகிறது. என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தது. சத்தியமாக.

"இத்தினி நாளா என்னா தடவுன?"

"ஒன்னும் தடவல. நர்சம்மா குடுத்த களிம்பு மட்டுந்தான். தண்ணியில நனைச்ச துணி. அவ்ளோதான்."

எண்ணெய் காணாத பிள்ளை வறண்டுபோகாதா? நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக நடக்காது. நாளைக்குக் கொட்டகை வேலை முடிந்ததும் குளிப்பாட்டிவிட வேண்டும்.

மே 5, திங்கள்

குளிப்பாட்டினேன். அஞ்சலாட்சி, "இன்னம் ஒரு வாரம் சும்மா இருண்ண" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு வளர்க்க முடியுமா? அவளையே அவள் பேச்சைக் கேட்டு நான் வளர்க்கவில்லை. கழுத்து, கன்னம், காதுமடல் வரைக்கும் எண்ணெய் படும்படித் தடவினேன்.

தடவியது: கொட்டகை எண்ணெய். தொட்டவர்: நான். தோல்: மிக நன்று.

மே 6, செவ்வாய்

கழுத்து மடிப்பு வெந்திருக்கிறது. வலது கன்னத்தில் கொப்புளம். பால் குடிக்க முகத்தைத் திருப்பினால் கன்னம் உரசி அலறுகிறது. குரல் கம்மிவிட்டது. கடைசியில் வாய் மட்டும் திறக்கிறது, சத்தம் இல்லை.

தனவேல் இங்கே வரவில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் கையில் மாவுக்கட்டோடு கிடக்கிறான்.

நான் வாசலில் நின்று, கொசு என்றேன். கம்பளிப்பூச்சி என்றேன். யாரோ ஏவிவிட்டது என்றேன். பேசப்பேச எனக்கே குரல் பெரிதாகிக்கொண்டு போயிற்று. அஞ்சலாட்சி பாப்பாவைத் தோளில் போட்டபடி என் முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"இப்ப யாரு கைய ஒடைக்கப்போற?"

என் தங்கச்சி என்னிடம் இப்படிப் பேசியதே கிடையாது. எதிரில் இருந்த சொம்பைச் சுவரில் எறிந்தேன். பாப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அஞ்சலாட்சி கதவை உள்ளே சாத்திக்கொண்டாள்.

மே 7, புதன்

நர்சம்மா முதலில் பாப்பாவைப் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டார். நான் பெருமையாகத்தான் கொடுத்தேன், வேறு எந்த வீட்டிலும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். மாசி மகத் தாடையில் லேசாகச் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு இடத்தில் வட்டம் போட்டார்.

"ஏப்ரல் பத்தொம்போது, கொட்டகை எண்ணெ. இருபத்தொண்ணு, கொப்புளம். நீங்க தோப்புல இருந்த பன்னெண்டு நாளும் தோலு ஆறியிருக்குது. மே அஞ்சி, கொட்டகை எண்ணெ. மே ஆறு, கொப்புளம். அந்தப் புட்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தவர் சட்டென்று விலக்கினார். அடியில் கறுப்பாகத் தங்கியிருந்தது. "இதுல கொட்ட ஒடைக்கிற கைய விட்டுத் தோய்ப்பீங்களா?"

"அது காக்குற எண்ணெ நர்சம்மா. என் கையப் பாருங்க."

"ஒங்க கை செத்துப்போன தோலு. அதுக்கு ஒன்னும் தெரியாது. முழங்கையோட உள்பக்கம் காட்டுங்க."

அங்கே வெளுத்து, நரம்பு பச்சையாகத் தெரியும். எனக்கே அது யாருடைய கையோ மாதிரி இருந்தது. அதில் இரண்டு சொட்டு விட்டு, துணி சுற்றிக் கட்டினார்.

"நாளைக்கிப் பாருங்க. நான் சொல்றத நீங்க கேக்க மாட்டீங்க. ஒங்க தோலு சொல்லட்டும்."

போகும்போது இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அதில் வட்டம் போடவில்லை.

மே 8, வியாழன்

கொப்புளம்.

மே 9, வெள்ளி

எரிகிறது. இரண்டு சொட்டு, எட்டணா அளவுதான். சட்டைக்கை பட்டால் உயிர் போகிறது. நாற்பத்தொரு வயது ஆள் நான், என் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் வாயை மூடும். நான் நேற்று முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பாப்பாவுக்கு முதுகு முழுக்க. கன்னத்தில்.

கிணற்றடியில் செங்கல் துண்டு கிடந்தது. நாய்மேல் வீசியதில் உடைந்த மீதி. அதை எடுத்து உள்ளங்கையைத் தேய்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போகவில்லை. கல்லில் சிவப்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். வலித்ததா என்றால், வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அஞ்சலாட்சி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். நிறுத்து என்று சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

கட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

கடை திறந்திருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை. வெட்டுமேசை மூன்று காலில் ஆடிக்கொண்டிருந்தது. தனவேல் இடதுகையால் கத்தரிக்கோலைப் பிடித்து ஒரு துணியை வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தரி வழுக்கி வழுக்கி விலகிற்று. வலதுகை மாவுக்கட்டில், நுனியில் விரல்கள் மட்டும் கருநீலமாகத் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். யோசிக்காமல் செய்தான், தீயைக் கண்டால் ஒதுங்குகிற மாதிரி.

வரும் வழியெல்லாம் பெரிய பேச்சு ஒன்று தயார் செய்திருந்தேன். அதற்குப் பதிலாகக் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். மிஷின் பலகைமேல் என் வலதுகையை விரித்து வைத்தேன்.

"அடி மாப்ள. மூணு வெரலு. கூடவே அடிச்சாலும் சரி."

அவன் கட்டையைப் பார்த்தான். என் கையில் செங்கல் தேய்த்த புண்ணைப் பார்த்தான்.

"பாப்பாவுக்கு என்னா மச்சான்?" மறுபடியும் அதே கேள்வி.

சொன்னேன். புட்டி, எண்ணெய், கன்னம், எல்லாம். அவன் முகம் வெளுத்து, பிறகு கறுத்தது. இடதுகையால் கட்டையை எடுத்தான். ஓங்கினான். நான் கண்ணை மூடவில்லை. இது அளப்பு இல்லை, மூடவில்லை.  மூச்சு இரைத்தது. இவ்வளவு கோபம் அந்த உடம்புக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கட்டை இறங்கிற்று. என் கைக்கு ஒரு சாண் தள்ளி, பலகையில். பலகை விண்டுவிட்டது.

"ஒன் கைய ஒடைச்சி நான் என்னா பண்றது?" என்றான். முதல்முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டான். "ஒன் கை எனக்குத் தைக்குமா? பட்டன் கட்டுமா? எம் பொண்ண அந்தக் கை தூக்குமா, இந்தக் கை தூக்குமா? சொல்லுய்யா!"

தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவன் குனிந்து, கட்டையை மேசையின் உடைந்த காலுக்கு அடியில் சொருகினான். ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"இது இங்கயே இருக்கட்டும். மேச ஆடுது. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றன், ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போறன். இப்ப போ."

மே 18, ஞாயிறு

தனவேல் வந்தான். ஒற்றைக் கையைக் குழாயடியில் கழுவினான், எப்படி மூன்று தடவை கழுவ முடிந்ததோ. நான் பம்பு அடித்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அஞ்சலாட்சி பாப்பாவைத் துணியில் சுற்றி அவன் நெஞ்சோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். கை இல்லாமல் தூக்க வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஆட்டோ ஏறும்போது திரும்பினாள். நான் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தையில காது குத்துறம். தாய்மாமன் மடியிலதான் வக்கணும்."

நான் ஆட்டோ அருகே போனேன்.

"மடி மட்டுந்தான். கையப் பின்னால கட்டிக்கினு ஒக்காரு."

தனவேல் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆட்டோ போய்விட்டது.

நாளை நோட்டை நர்சம்மா வாங்கிக்கொண்டு போவார். அதற்குமுன் ஏப்ரல் 22ஐத் திருத்த வேண்டும். அந்தப் பக்கத்தில் இடம் இல்லை, இங்கே எழுதுகிறேன். கடையில் ஐந்து பேர் இல்லை. அவன் ஒருவன்தான். பாயவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "வாங்க மச்சான், ஒக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்தான். துடைத்த அந்தக் கையைத்தான் பிடித்தேன்.

ஏப்ரல் 27: மூன்று பேரும் என்னைத்தான் அடித்தார்கள். பல் ஆடிக்கொண்டிருக்கவில்லை. மாசி மகம்: தாடை என்னுடையது.

இந்தத் திருத்தம் எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மற்றதெல்லாம் மளமளவென்று வந்தது.

மே 18க்கு நர்சம்மாவின் மூன்று கேள்வி.

தடவியது: ஒன்றுமில்லை.
தொட்டவர்: தனவேல், அஞ்சலாட்சி. நான் இல்லை.
தோல்: நன்று.